அப்பாவுக்கு என்னதான் இருந்தது? இறந்துபோனவரின் மனநோயைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கும்போது அலமாரியின் அடித்தட்டில் ஒரு பை கிடைக்கிறது, உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட மருந்துச் சீட்டுகள். அல்லது துக்கம் கேட்க வந்த ஒருவர், உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்ற நினைப்பில், "அன்னைக்கு ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவே நாங்க நம்பிக்கையை விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். என்றைக்கு? எந்த ஆஸ்பத்திரி? "அப்பா வெளியூர் போயிருக்கார்" என்று சின்ன வயதில் சொன்னார்களே, அந்த இரண்டு மாதமா? நிறையப் பேருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான், 36 வயதில்.

நான் மருத்துவர் இல்லை. இருமுனைய மனநோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் இருந்த ஒருவரின் பிள்ளை, அதுவும் அவர் போன பிறகே விஷயம் தெரிந்த பிள்ளை. நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றே ஒன்று: நோயின் பெயரைத் தேடி ஓடாதீர்கள், முதலில் தேதிகளைத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் நல்லது, கிடைக்காமலும் போகலாம். தேதிகள் உங்களிடமே பாதி இருக்கின்றன, உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் பல கேள்விகளைத் தீர்க்கப்போவதும் அவைதான்.

எதையும் எறியாதீர்கள், மாத்திரைகளைத் தவிர

துக்க வீட்டில் யாராவது ஒருவர் "சுத்தம் பண்றேன்" என்று கிளம்புவார். அவரைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, அலுவலகத்துக்குக் கொடுத்த விடுப்புக் கடிதத்தின் நகல், பழைய டைரி, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுங்கள். உடனே படிக்க வேண்டியதில்லை. மாத்திரை அட்டைகளை மட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டு மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ கேட்டு முறையாக அப்புறப்படுத்திவிடுங்கள். லித்தியம், பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் போன்றவை அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தானவை. துக்கத்தில் இருக்கும் வீட்டில் அவை சும்மா கிடக்கக் கூடாது.

டைரி கிடைத்தால் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். என் அப்பாவின் டைரியில் ஒரு வருடம் முழுக்க பொடி எழுத்து. ஜூன் மாதத்தில் மட்டும் எழுத்து வீங்கிப் பெரிதாகி, கோடுகளைத் தாண்டி, ஓரத்திலும் குறுக்கிலும் ஓடுகிறது, சில இடங்களில் பேனா தாளைக் கிழித்தே விட்டது. ஆகஸ்டில் வெறும் தேதி, செப்டம்பரில் அதுவும் இல்லை. ஒரு வார்த்தை படிக்காமலே அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நோட்டு, இரண்டு பக்கம்

சாதாரண நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். வலது பக்கத்தில் காகிதமோ வேறு ஆளோ சொல்வதை எழுதுங்கள். இரண்டுக்கும் தேதி போடுங்கள், தெரியாவிட்டால் "நான் மூன்றாம் வகுப்பு", "தம்பி பிறப்பதற்கு முன்" என்றாவது குறியுங்கள். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். "அம்மா என்னை வெறுத்தார்" என்பது விளக்கம். "அம்மா என்னிடம் நாலு நாள் பேசவில்லை" என்பது பதிவு. பதிவு மட்டும் போதும்.

இது எதற்கு என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன். எட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா எனக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கித் தந்தார், சிவப்புப் பிடி, ஆறு அளவு. மறுநாளே நான் அவருடைய அலாரம் கடிகாரத்தைப் பிரித்தேன். பின்மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்து கட்டிலுக்கடியில் போனது, திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை. அப்பா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே நாலு மாதம். என் கணக்கில் நான் கடிகாரத்தை உடைத்தேன், அதனால் அப்பா உடைந்தார். 28 வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பையில் இருந்த சீட்டில் மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரையும் ஒரு தூக்க மாத்திரையும் எழுதியிருந்தன. தேதி என் பிறந்தநாளுக்கு 19 நாள் முன்பு. வலது பக்கத்தில் அந்தத் தேதியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைக்குத் தெரிந்த உலகம் தன்னைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் வீட்டில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் தன்னையே காரணமாக வைத்துக்கொள்ளும். இதை யார் எத்தனை முறை சொன்னாலும் மனதுக்குள் இறங்காது. ஒரு தேதி இறங்கும்.

மருந்துச் சீட்டைப் படிப்பது

ஒரு மாத்திரையை வைத்து ஒரு நோயை முடிவு செய்யக் கூடாது, ஆனால் மாத்திரைகள் திசை காட்டும். லித்தியம் இருந்தால் பெரும்பாலும் இருமுனைய நோய், சில சமயம் சாதாரண மருந்துக்கு மசியாத மனச்சோர்வு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அது பித்துநிலையை, அதாவது அந்த அளவு மீறிய உற்சாகக் கட்டத்தை, அடக்குவதாக எழுதினார், இன்றும் அதுதான் அந்த நோய்க்கு முக்கிய மருந்துகளில் ஒன்று. உதவும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் அடிக்கடி ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் காரணம் தெரியாத ரத்தப் பரிசோதனைகள், தீராத தாகம், கை நடுக்கம் இருந்திருந்தால் இதை யோசியுங்கள். வால்புரோயேட் வலிப்புக்கும் கொடுப்பது, ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது. அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் வெறும் நரம்பு வலிக்காகவும் இருக்கலாம். குளோர்புரோமசின் 1952இலிருந்து, ஹாலோபெரிடால் 1958இலிருந்து. மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாததை உறுதியாக நம்புவது போன்றவை வரும் நோய்), பித்துநிலை, சித்தப்பிரமை எல்லாவற்றுக்கும் இவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். குளோசபின் என்றால் மனச்சிதைவுக்கு மற்ற மருந்துகள் சரியாக வேலை செய்யாத கட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரைஹெக்சிஃபெனிடில் என்று ஒன்று ஓரமாக இருக்கும். அது அநேகமாக நோய்க்கு அல்ல, மற்ற மாத்திரைகளால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் "நோய்" என்று ஞாபகம் வைத்திருப்பதில் பாதி மருந்தாக இருக்கலாம். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் பொம்மைபோல உட்கார்ந்திருந்தது, கையை வீசாமல் நடந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது, ஒரு நிமிடம் உட்கார முடியாமல் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தது, வருடங்கள் போன பிறகு உதடும் நாக்கும் தானாக அசைந்தது: இவையெல்லாம் பழைய வகை மருந்துகளின் பக்கவிளைவுகளாக மருத்துவப் புத்தகங்களிலேயே இருப்பவை. என் பள்ளித் தோழர்கள் அப்பாவின் நடையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். குணமாவதற்கு அவர் கொடுத்துக்கொண்டிருந்த விலை அது.

"ஷாக் கொடுத்தார்கள்" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். மின் அதிர்வு சிகிச்சை 1938இல் ரோமில் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்தார்கள், அந்தப் பயங்கரக் கதைகளெல்லாம் அங்கிருந்து வந்தவை. பிறகு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்வது வழக்கமானது, கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் பயன்படுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 முறை. அந்தச் சமயத்தை ஒட்டிய நினைவுகள் அழிந்துபோவது உண்டு. உங்கள் வாழ்க்கையின் முக்கியமான ஒரு நாளை அம்மா சுத்தமாக மறந்துவிட்டார் என்ற மனக்குறை உங்களுக்கு இருந்தால், அந்த நாளையும் சிகிச்சைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மருத்துவமனை ஆவணங்கள்

இறந்தவரின் மருத்துவக் குறிப்பை யாருக்குத் தரலாம், எத்தனை வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பழையவை அழிக்கப்பட்டிருக்கலாம், அதனால் தள்ளிப்போடாமல் கேட்பது நல்லது. இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம், சேர்த்த தேதி ஏறக்குறைய, நோயாளி எண் கிடைத்தால் அது. "முழு ஃபைலும் வேண்டும்" என்பதைவிட "டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல்" என்று எழுத்தில் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும், முதல் தடவைக்கு அது போதும்.

கிடைத்ததும் ராத்திரியில் தனியாகப் பிரிக்காதீர்கள். அதில் உங்கள் அப்பா "நோயாளி"யாக, ஒரு வரியில் "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று இருப்பார். உங்களைப் பற்றியும் இருக்கலாம். என்னைப் பற்றி "ஒரு குழந்தை, வயது 8, நலம்" என்று எழுதியிருந்தார்கள். யாரைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்களோ!

குறிப்பில் இருக்கும் நோய்ப் பெயரையும் அதன் காலத்தோடு சேர்த்துப் படியுங்கள். மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல்தான் வைத்தார். பைபோலார் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேட்டில்தான் அதிகாரபூர்வமான பெயராக வந்தது, அதற்கு முன் பித்து-சோர்வு நோய் என்ற பொருளில் எழுதுவார்கள். 1970களின் தொடக்கத்தில் லண்டனையும் நியூயார்க்கையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், ஒரே மாதிரியான நோயாளிகளை அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்றும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பித்து-சோர்வு என்றும் குறித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ஆக பழைய ஃபைலில் இருக்கும் பெயர் அந்தக் காலத்து ஒரு மருத்துவரின் கணிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம், அவர் மருத்துவரிடமே போகாமல் இறந்திருந்தால்? நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். தைராய்டு குறைபாடு மனச்சோர்வு மாதிரியே இருக்கும், பி12 சத்துக் குறைவு, மூளைக் கட்டி, குடி, ஸ்டீராய்டு மருந்து, ஆரம்ப மறதி நோய் எல்லாமே மனநோய் வேஷம் போடக்கூடியவை. நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் ஒரு முறை போய் உட்காரலாம். "இப்படி இருந்திருக்க வாய்ப்பு உண்டு" என்பதற்கு மேல் அவர் சொல்லமாட்டார், சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்பது

"அப்பாவுக்கு என்ன நோய்?" என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். "நரம்புத் தளர்ச்சி", "டென்ஷன்", "கொஞ்சம் ஒரு மாதிரி" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். அது பொய் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த வார்த்தைகள் அவ்வளவுதான். அதனால் நோயை விட்டுவிட்டுத் தூக்கத்தைக் கேளுங்கள். எப்போது தூங்காமல் இருந்தார்? எப்போது எழுந்திருக்காமல் படுத்தார்? பணத்தை எப்படிச் செலவு செய்தார்? குளித்தாரா? யார்மேல் சந்தேகப்பட்டார்? முதல் தடவை யார் கூட்டிக்கொண்டு போனது?

என் அத்தை வருடக்கணக்காக "ஒண்ணுமில்ல, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று தட்டிக் கழித்தவர். தூக்கத்தைக் கேட்டதும் கொட்டினார்: "மூணு ராத்திரி அவன் கண்ணே மூடல. விடிய விடிய பேசினான். ஒரே வாரத்துல ஏழு ரேடியோ வாங்கிட்டு வந்தான், எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சா நாட்டையே திருத்திடலாம்னான். சிரிச்ச முகமா இருந்தான்டா, அதான் எங்களுக்குப் புரியல." நான் இடது பக்கத்தில் அதே வாரத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன், "அப்பா ரொம்ப சந்தோஷமாக இருந்த வாரம்" என்று.

அண்ணன், அக்கா, தம்பி இருந்தால் தனித்தனியாகப் பேசுங்கள். ஒரே அப்பாவை மூன்று பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மூத்தவருக்கு நோய்க்கு முந்தைய ஆளைத் தெரியும், கடைசிப் பிள்ளைக்கு மாத்திரைக்குப் பிந்தையவரை மட்டும்தான் தெரியும், "உனக்கு என்ன தெரியும்" என்ற சண்டைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. உயிரோடிருக்கும் தாயிடமோ தந்தையிடமோ கேட்கும்போது இன்னும் மெதுவாக. உங்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்துக் காத்ததே அவர்களுடைய வாழ்க்கையாக இருந்திருக்கலாம், அதைத் தோண்டுவது குற்றம் சாட்டுவதுபோலத் தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கேட்காமல் போனில் பதிவு செய்யவே வேண்டாம்.

"ஏன் மருந்து சாப்பிடல? எங்களுக்காகவாவது சாப்பிட்டிருக்கலாமே" என்ற கோபம் எல்லோருக்கும் வரும். மனச்சிதைவிலும் பித்துநிலையிலும் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது நோயின் ஒரு பகுதி. அது பிடிவாதம் அல்ல, தன்னைப் பார்க்கும் மூளையே நோயில் இருக்கிறது. பித்து ஏறும் நேரத்தில் உடம்பு அற்புதமாக இருக்கும் என்பது வேறு. நோயில்லாமல் மருந்து சாப்பிடச் சொன்னால் நீங்கள் சாப்பிடுவீர்களா?

மூன்றாவது பக்கம்

நோய் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். நானும் முயன்றேன், நோட்டின் கடைசியில் "அப்பா" என்று ஒரு பக்கம், "நோய்" என்று ஒரு பக்கம். ஏழு ரேடியோ சுலபமாக நோய்ப் பக்கம் போனது. என் காய்ச்சலின்போது விடிய விடிய விழித்திருந்தது? அவருக்குத்தான் தூக்கமே வராதே. அந்த ஸ்க்ரூ டிரைவர் செட்? படுக்கையில் விழப்போகிற மனிதர், மாத்திரை எழுதி வாங்கி 19 நாள் ஆனவர், எப்படியோ எழுந்து கடைக்குப் போயிருக்கிறார். "தெரியாது" என்று மூன்றாவது பக்கம் திறக்க வேண்டியதாயிற்று. இன்று அதுதான் நீளமான பக்கம். நீங்களும் முதலிலேயே திறந்துவிடுங்கள்.

அடி, வசை, அவமானம் இருந்திருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது என்றால் நடந்தது. காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக மன்னித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உறவினர்கள் அவசரப்படுத்துவார்கள், பொருட்படுத்தாதீர்கள். அவர் இறந்தபோது ஒரு நிம்மதி வந்திருந்தால் அதுவும் சகஜம். இருக்கும்போதே ஆளை இழந்திருப்பதைப் பற்றி 1970களிலிருந்து பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவருகிறார். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், ஆனால் இல்லை, அந்த இழப்புக்குச் சாவு வீடும் கிடையாது, ஆறுதல் சொல்ல வருபவரும் கிடையாது.

அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால், எப்படி என்ற விவரங்களைத் தேடித் துருவ வேண்டாம். கடிதம் இருந்தால் அது அவர் முழு வாழ்க்கையின் தீர்ப்பு அல்ல, நோயின் மிக மோசமான ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டது. இந்த வேலையின் நடுவில் உங்களுக்கே அப்படி எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ. பெட்டி எங்கேயும் போகாது.

எனக்கும் வருமா?

எல்லோரும் கேட்பது, யாரும் சத்தமாகக் கேட்காதது. மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதம். இருமுனைய நோயிலும் ஏறத்தாழ அதே அளவு. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. வரும் வராது என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்பாவுக்கு முதலில் வந்த வயது 33. நான் அந்த வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது, இருந்தும் ஒரு வருடம் என் தூக்கத்தை நானே உளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றை ஒரு வரியில் சொல்லி வையுங்கள். உங்களுக்கு மனச்சோர்வு வந்து மருந்து எழுதப்போகிறார்கள் என்றால், பெற்றோருக்கு இருமுனைய நோய் இருந்ததை அதற்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். அந்தப் பின்னணி உள்ளவர்களில் சிலருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் பித்துநிலை கிளம்பிவிடும். கர்ப்பமாக இருந்தால் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய் ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டில்தான் வருகிறது, ஆனால் குடும்பத்தில் இருமுனைய நோய் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது, முன்கூட்டித் தெரிந்தால் கவனிக்க முடியும். கஞ்சா பக்கம் போகாதீர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். "தாத்தாவுக்கு மனசுல ஒரு நோய் இருந்துச்சு, சில சமயம் ரொம்ப வேகமா ஓடும், சில சமயம் நின்னு போயிடும், மாத்திரை சாப்பிட்டார், அது யாரோட தப்பும் இல்ல" என்றால் ஏழு வயதுக்குப் போதும். மீதியை அவர்கள் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நோட்டை மூடிவிடாதீர்கள்

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். போன வருடம் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரை யதேச்சையாகச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு தடவை உங்கப்பா ஆபீஸ்ல மூணு பேர்கிட்ட போய்ப் போய்க் கேட்டார், எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன கொடுத்தா பிடிக்கும்னு. நான்தான் டூல் செட்னு சொன்னேன்." வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் செட்டை "தெரியாது" பக்கத்தில் அடித்துவிட்டு "அப்பா" பக்கத்தில் எழுதப் போனேன். பேனாவை வைத்த பிறகுதான் தோன்றியது: ஒரு சின்ன விஷயத்துக்குக்கூட முடிவெடுக்க முடியாமல் மூன்று பேரைக் கேட்டுத் தவிப்பதும் மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்றுதான். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். ஓரத்தில் மட்டும் "மூணு பேரைக் கேட்டிருக்கிறார்" என்று எழுதித் தேதி போட்டேன்.